மெத்தென்ற சிலிக்கனில் தொடு உணரியும் குவியம் மாறும் வில்லையும்: வீட்டு மேசையில் செய்யும் முழு முறை

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் பொய்க்கால் போடுகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். கால் உறைக்குள் எங்கேயோ அமத்தி, மாரி தொடங்கினால் புண் வந்துவிடும். "எந்த இடத்தில அண்ணை அமத்துது?" என்று ஒருநாள் கேட்டேன். "அது தெரிஞ்சா நானே அதில ஒரு பஞ்சு வைச்சிருப்பனே தம்பி" என்றார்.

இந்த வேலை அந்தப் பதிலில்தான் தொடங்கியது. உறைக்குள் வைக்கிற உணரி கல்லுப்போல இருந்தால் அதுவே இன்னொரு புண்ணைக் கொண்டுவரும். தோலைப்போல மெத்தென்று இருக்க வேண்டும், அமத்தினால் அமர வேண்டும், விட்டால் பழையபடி எழும்ப வேண்டும். அப்படிப்பட்ட பல்பகுதியங்களை (பொலிமர் என்று சொல்வது) தேடிப் போன இடத்தில் இன்னொரு விஷயமும் அகப்பட்டது: அதே பொருளில் குவியத் தூரத்தை மாற்றக்கூடிய வில்லையும் வார்க்கலாம். உருவம் கொஞ்சம் மாறினால் உணரியில் அது மின்னாகத் தெரியும், வில்லையில் ஒளியாகத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான். உயர்தரத்தில் கொள்ளளவியும் வில்லையும் படித்த பிள்ளைக்கு இந்த இரண்டையும் செய்யக் கணக்குப் போதும். மிச்சம் கைப்பழக்கம்.

எதை வாங்குவது

ஆய்வுகூடங்களில் அதிகம் புழங்குவது பீடிஎம்எஸ் என்று சொல்லும் பொலிடைமீதைல்சிலொக்சேன், அதாவது ஒரு வகைச் சிலிக்கன் இறப்பர். 'சில்கார்ட் 184' என்ற பெயரில் வருவது கண்ணாடிபோலத் தெளிவானது. 10 பங்குக்கு 1 பங்கு இறுக்கி சேர்க்க வேண்டும். முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.41. அறை வெப்பத்தில் இறுக 2 நாள் எடுக்கும், 100 பாகை செல்சியஸில் 35 நிமிடம் போதும். நல்ல சாமான்தான், ஆனால் விலை கையைக் கடிக்கும்.

அதைவிட மலிவாக, அச்சு வார்ப்புச் சாமான் விற்பவர்களிடம் வரவழைக்கக் கூடியது 'ஈகோஃப்ளெக்ஸ் 00-30' போன்ற இருபகுதிச் சிலிக்கன். ஏ, பி இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் 45 நிமிடம் வரை ஊற்றலாம், 4 மணித்தியாலத்தில் இறுகிவிடும். தன் நீளத்தைப்போல பல மடங்கு இழுபடும். குறை ஒன்று: பால் கலந்ததுபோல லேசான மங்கல். உணரிக்கு அது பிரச்சினையே இல்லை. வில்லைக்கு மெல்லிய படலமாக வார்த்தால் சமாளிக்கலாம்.

ஹாட்வெயார் கடையில் குழாய்போல வரும் குளியலறைச் சிலிக்கன் மூன்றாவது வழி. பழகிப் பார்க்க அது போதும். வினாகிரி மணம் அடிப்பது காற்றின் ஈரப்பதத்தை எடுத்துத்தான் இறுகும். அதனால் இரண்டு பிளாஸ்ரிக் தாள்களுக்கு நடுவே அமுக்கி வைத்தால் ஒரு கிழமை போனாலும் உள்ளே கூழாகவே கிடக்கும். ஒரு பக்கத்தைத் திறந்து விட வேண்டும். கொஞ்சம் சோளமா சேர்த்துப் பிசைந்தால் மா கொண்டுவரும் ஈரத்தில் உள்ளும் சேர்ந்து இறுகும். இறுகும்போது அசற்றிக் அமிலம் வெளிவருவதால் செப்புத் தகட்டோடு சேர்க்க வேண்டாம், பச்சை பிடித்துவிடும்.

இவற்றோடு 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று, 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று, அலுமினியம் ஃபொயில் ரேப், சேலைன் ரியூப் ஒரு துண்டு, ஈஎஸ்பி32 பலகை (நிரல் எழுதி இயக்குகிற சின்ன மின்னணுப் பலகை) ஒன்று. சிரிஞ்சும் ரியூபும் பாமசியில் கிடைக்கும்.

கையுறையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நான் முதலில் காசைக் கரைத்தேன். இருபகுதிச் சிலிக்கனில் பல வகை பிளாற்றினம் ஊக்கியால் இறுகுபவை. கந்தகம் பட்டால் அந்த ஊக்கி செத்துவிடும். சாதாரண இறப்பர் கையுறை கந்தகம் போட்டுப் பதப்படுத்தியது. நான் அதைப் போட்டுக்கொண்டு விரலால் ஓரத்தைத் தடவிச் சரிசெய்தேன். அடுத்த நாள் பார்த்தால் நடுப்பகுதி அருமையாக இறுகியிருக்க, விரல் பட்ட ஓரம் எல்லாம் பிலாப்பால் மாதிரி ஒட்டுது. வினைல் கையுறை வாங்குங்கள். இறப்பர் வளையம், சைக்கிள் ரியூப் துண்டு, சிலவகை விளையாட்டுக் களிமண் எதையும் அச்சுக்குக் கிட்ட விடாதீர்கள்.

படி 1: கலத்தலும் குமிழி எடுத்தலும்

விடியற்காலையில் தொடங்குங்கள். 45 நிமிடம் என்று பெட்டியில் போட்டிருப்பது 23 பாகை அளவுக்கு. தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை மத்தியானத்தில் அந்த நேரம் கையில் நிற்காது. ஏ, பி போத்தல்களை முதல் நாள் இரவு வீட்டில் குளிர்ந்த இடத்தில் (குளிர்சாதனப் பெட்டிக்குள் அல்ல) வைத்தால் கொஞ்சம் நேரம் கூடக் கிடைக்கும். சோளகம் வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்திவிடுங்கள். ஒரு நாள் திறந்து வைத்து வார்த்த படலத்தில் செம்மண் தூசி புள்ளி புள்ளியாகப் பதிந்து, தோசையில் சீரகம் போட்டதுபோல வந்தது.

நிறுத்துத்தான் எடுக்க வேண்டும், கண்மட்டத்தில் ஊற்றக் கூடாது. தட்டையான குச்சியால் மெதுவாக, அடியையும் பக்கத்தையும் வழித்து 3 நிமிடம் கிண்டுங்கள். முட்டை அடிப்பதுபோல அடித்தால் காற்றுத்தான் ஏறும்.

எவ்வளவு கவனமாகக் கிண்டினாலும் குமிழி வரும். வெற்றிடப் பம்பி இல்லாதவருக்கு 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச்தான் பம்பி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலவையை எடுத்து, நுனியை மேலே பிடித்து, மேல் காற்றை வெளியே தள்ளி, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை இழுத்துப் பிடியுங்கள். உள்ளே அமுக்கம் குறைய, கண்ணுக்குத் தெரியாமல் இருந்த குமிழியெல்லாம் மிளகளவு பெருத்து மேலே ஏறும். அரை நிமிடம் பிடித்து, விட்டு, காற்றைத் தள்ளி, மறுபடி இழுங்கள். நாலைந்து தரம் செய்தால் கலவை தெளிந்துவிடும்.

படி 2: உணரியின் நடுப்படை

உணரி என்பது ஒரு கொள்ளளவி, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கிற அமைப்பு. இரண்டு தகடு, நடுவே மின்னுழையமாகச் சிலிக்கன். அமத்தினால் இடைவெளி குறையும், கொள்ளளவம் கூடும். 3 சென்ரிமீற்றர் சதுரத் தகடு, 1 மில்லிமீற்றர் தடிப்பு, சிலிக்கனின் மின்னுழைய மாறிலி 2.8 என்று போட்டால் கொள்ளளவம் ஏறக்குறைய 22 பிக்கோஃபரட். தடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 28 பிக்கோஃபரட். சின்ன எண்தான், ஆனால் அளக்கலாம்.

காகிதத்தில் கணக்கு இலகு. மேசையில் செய்து பார்த்தபோது நான் எவ்வளவு அமத்தியும் எண் அசையவில்லை. காரணம் பிடிபட ஒரு கிழமை ஆனது. ரொட்டி மாவை உள்ளங்கையால் அமத்தினால் என்ன நடக்கிறது? மா சுருங்குவதில்லை, பக்கத்தால் பிதுங்குகிறது. சிலிக்கனும் அப்படித்தான், அதன் கனவளவு மாறவே மாறாது என்றே வைத்துக்கொள்ளலாம். மேலும் கீழும் தகட்டில் ஒட்டிய மெல்லிய படலத்துக்குப் பிதுங்க இடம் எங்கே? ஓரத்தில் மட்டும்தான். அதனால் கையில் பஞ்சுபோல இருந்த பொருள் தகடுகளுக்கு நடுவே போனதும் பலகைபோல நிற்கிறது.

இதற்கு மருந்து, படலத்தை மட்டமாக வார்க்காமல் மேடு பள்ளமாக வார்ப்பது. மேடுகள் அமரும்போது பக்கத்துப் பள்ளத்துக்குள் பிதுங்கலாம். பள்ளத்தில் உள்ள காற்றும் வெளியேறி, அந்த இடத்தைக் காற்றைவிட மின்னுழைய மாறிலி கூடிய சிலிக்கன் பிடிப்பதால் கொள்ளளவம் இரண்டு வழியாலும் ஏறும். 2010 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸெனான் பாவோவின் குழு இதைத்தான் செய்தது. பீடிஎம்எஸ் படலத்தில் மிக நுண்ணிய கூர்நுனிக் கோபுரங்களை வார்த்து, 20 மில்லிகிராம் எடையுள்ள ஈ ஒன்று வந்து இருந்ததையே அந்த உணரியால் அறிந்தார்கள்.

கோபுர அச்சுக்குக் கணினிச் சில்லு செய்கிற தகடும் (இது சிலிக்கன் இறப்பர் அல்ல) தூசி இல்லாத சுத்த அறையும் வேண்டும், நமக்கு அது இல்லை. ஆனால் தாமரை இலையை அச்சாக வைத்துப் படலம் எடுத்த ஆய்வுகளும் உண்டு. சோறு போட்டுச் சாப்பிடுகிற அதே இலைதான். தண்ணீர் ஒட்டாமல் உருளுவதற்குக் காரணம் அதன் மேல்பக்கத்தில் உள்ள மெழுகு பூசிய நுண்மேடுகள். குளத்தில் எடுத்த இலையைத் துடைத்து, தட்டையாக ஒட்டி, மேலே சிலிக்கனை ஊற்றி உரித்தால் அந்தப் பரப்பு மேடு பள்ளம் மாறிப் பதியும். நான் செய்து பார்த்தேன், உரித்த துண்டில் தண்ணீர்த் துளி முத்துப்போல உருண்டது. பார்க்க ஆசையாக இருந்தது. உணரியாக அது எனக்கு உதவவில்லை: மேடுகள் ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான், என் படலமோ 1 மில்லிமீற்றர். மிக மெல்லிய படலம் வார்க்கத் தெரிந்தவர்கள் முயலலாம்.

எனக்குச் சரிவந்தது பிளாஸ்ரிக் பாய். பின்னலின் மேடு பள்ளம் போதிய அளவு பெரியது, பொலிபுறோப்பிலீனில் சிலிக்கன் ஒட்டாது என்பதால் உரிப்பதும் சுகம். பழைய பாயில் ஒரு சாண் வெட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்து, பின்பக்கம் முழுவதும் பெட்டி ஒட்டும் ரேப்பை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் இழைகளுக்கு நடுவால் ஒழுகும். 10 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு ஓரம் கட்டி 10 மில்லிலீற்றர் ஊற்றினால் சராசரி 1 மில்லிமீற்றர் வரும். போனில் மட்டம் பார்க்கும் செயலியை வைத்து மேசையை மட்டமாக்கிய பிறகே ஊற்ற வேண்டும். இறுகியதும் உரித்து 3 சென்ரிமீற்றர் சதுரங்களாக வெட்டுங்கள்.

படி 3: தகடு ஒட்டுதல்

மட்டமான பக்கத்துக்கு ஃபொயிலை, இறுகாத சிலிக்கனை விரலால் மெழுகியதுபோலப் பூசி ஒட்டலாம். மேடான பக்கத்தில் அப்படிச் செய்தால் பள்ளமெல்லாம் நிரம்பி, மேலே பட்ட பாடு வீண். அங்கே நாலு ஓரத்தில் மட்டும் பொட்டு வைத்ததுபோல ஒட்டுங்கள்.

அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது. ஃபொயிலில் ஒரு வால் விட்டு வெட்டி, தோல் உரித்த வயரை அதில் வைத்து மூன்று மடிப்பு மடித்து, இடுக்கியால் நசித்து, ரேப் சுற்றுங்கள். வயர் 15 சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டால் அதன் சொந்தக் கொள்ளளவமே உணரியின் எண்ணை விழுங்கிவிடும்.

உடம்புப் பக்கம் இருக்கும் தகடு பலகையில் ஜிஎன்டி என்று எழுதிய தரைப் பின்னுக்கு (வயர் கொடுக்கிற ஊசிமுனை) போக வேண்டும், மற்றது உணரும் பின்னுக்கு. மாற்றிக் கொடுத்தால் அமத்தாமலே, விரல் கிட்ட வந்த உடனேயே எண் பாயும். தொடுகிறாரா இல்லையா என்று மட்டும் அறிய வேண்டுமானால் அது நல்லது. அமுக்கம் அளக்க வேண்டுமானால் அதுதான் முதல் எதிரி.

படி 4: எண்ணாக வாசித்தல்

ஈஎஸ்பி32 பலகையில் தொடுதலை உணரும் பின்கள் 10 உள்ளேயே இருக்கின்றன. 4 ஆம் இலக்கப் பின்னில் வயரைக் கொடுத்து, ஆர்டுயினோ என்ற மென்பொருளில் எழுதும் நிரலில் 'டச்ரீட்' கட்டளையைக் கூப்பிட்டால் எண் வரும். பழைய ஈஎஸ்பி32 இல் கொள்ளளவம் கூடினால் எண் குறையும். எஸ்2, எஸ்3 வகைகளில் கூடும். இது தெரியாமல் உணரி பழுது என்று எறிந்தவர்கள் உண்டு.

ஒரு தரம் வாசித்த எண்ணை நம்ப வேண்டாம். மலிவான போன் சார்ஜரில் பலகையைப் போட்டால் 50 ஹேர்ட்ஸ் கரண்டின் நடுக்கம் எண்ணிலும் வரும். 20 மில்லிசெக்கனுக்குள் வாசித்த எல்லாவற்றின் சராசரியை எடுத்தால் ஒரு முழு அலை அடங்கி, நடுக்கம் பெரும்பாலும் போய்விடும். பவர் பாங்கில் போட்டால் இன்னும் அமைதி. மாரியில் ஈரக்காற்றுக்கு அடிமட்ட எண்ணே நகரும். ஆகவே யாரும் அமத்தாத நேரத்து எண்ணை மெதுவாகப் பின்தொடர்ந்து புதுப்பித்து, அதிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை மட்டும் நிரல் காட்டட்டும்.

அளவு திருத்தத்துக்கு 3 சென்ரிமீற்றர் சதுர மரக்கட்டையை உணரியில் வைத்து, மேலே அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நிறுத்துங்கள். அது ஏறக்குறைய 5.4 கிலோபஸ்கால். ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் என்று ஏற்றி எழுதுங்கள். பிறகு இறக்கும்போதும் எழுதுங்கள். ஏறும்போது வந்த எண்ணும் இறங்கும்போது வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது, சிலிக்கன் எழும்பக் கொஞ்சம் சோம்பல்படும். அந்த வித்தியாசம்தான் உங்கள் உணரியின் உண்மையான பிழை அளவு.

நடுவில் ஒரு குறிப்பு: உப்புக் களி

ஃபொயில் வளையும், ஆனால் இழுபடாது. இழுபடவும் வேண்டும், ஒளியும் ஊடுருவ வேண்டும் என்றால் உலோகத்தை விட்டுவிட்டு அயன்களால் கடத்தும் ஜெலுக்குப் போக வேண்டும். 2016 இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொலிஅக்றைலமைட் ஜெலுக்குள் இலிதியம் குளோரைட்டுக் கரைசலை வைத்து, பரப்பளவில் பத்து மடங்குக்கு மேல் இழுபடும் தெளிவான தொடுதிரை ஒன்றைச் செய்து காட்டினார்கள்.

அக்றைலமைட் நஞ்சு, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஜெலற்றினும் கிளிசரினும் கறியுப்பும் போட்டுக் காய்ச்சினால் அதன் ஏழைத் தம்பி கிடைக்கும். கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் உடனே காயாது. ஆனால் ஜெலற்றின் 30 பாகை தாண்ட இளகத் தொடங்கும், நமது வெயிலுக்கு அது மத்தியானமே தாங்காது. அகார் தாங்கும், 85 பாகை வரை உருகாது. இழுத்தால் மட்டும் வட்டிலப்பம் மாதிரி வெடிக்கும். அமத்த மட்டும் வேண்டுமென்றால் அகார், இழுக்க வேண்டுமென்றால் மாலையில் ஜெலற்றின், இதுதான் என் தீர்ப்பு. ஜெலற்றின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. வீட்டில் மரக்கறிச் சாப்பாடு என்றால் அம்மாவின் சட்டியில் காய்ச்சி ஏச்சு வாங்காதீர்கள்.

படி 5: சிரிஞ்சால் மாறும் வில்லை

நமது கண்ணின் வில்லை மெத்தென்றது, உருவம் மாறியே கிட்டத்தையும் தூரத்தையும் பார்க்கிறது. வயது போக அது விறைத்துவிடுவதால் வெள்ளெழுத்து வருகிறது. ஒக்ஸ்போர்ட் பௌதிகவியலாளர் ஜோசுவா சில்வர் இதைக் கண்ணாடிக்குக் கொண்டுவந்தார். மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே சிலிக்கன் எண்ணெய், பக்கத்தில் சின்னச் சிரிஞ்ச், போடுகிறவரே தள்ளித் தன் கண்ணுக்குச் சரியாக்கிக்கொள்ளலாம். நாம் செய்யப்போவது அதன் மேசை வடிவம்.

உள்விட்டம் 30 மில்லிமீற்றர் வரக்கூடிய பீவீசீ குழாயில் 1 சென்ரிமீற்றர் உயர வளையம் அறுத்து, இரண்டு முகத்தையும் தேய்த்து மட்டமாக்குங்கள். பக்கத்தில் துளை போட்டுச் சேலைன் ரியூபைச் செருகி ஒட்டுங்கள். அடிப்பக்கத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டைக் குளியலறைச் சிலிக்கனால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள்.

மேல்பக்கத்துச் சவ்வுதான் உயிர். கழுவிய பிளாஸ்ரிக் தாள் மேல் 10 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு 5 மில்லிலீற்றர் ஊற்றினால் அரை மில்லிமீற்றர்ப் படலம். உரித்து, பறை கட்டுவதுபோல எல்லாப் பக்கமும் சமமாகக் கொஞ்சம் இழுத்து, வளையத்தின் மேல் வைத்து, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். (இறப்பர் வளையம் இப்போது போடலாம், இறுகிய சிலிக்கனுக்குக் கந்தகப் பயம் இல்லை.) இழுக்காமல் கட்டினால் சவ்வு சுருக்கம் விழும், உருவம் கோணலாகத் தெரியும்.

கொதிக்க வைத்து ஆறவிட்ட பற்றரித் தண்ணீரை எடுங்கள். கொதிக்கவிடுவது அதில் கரைந்த காற்றைப் போக்க. வளையம், ரியூப், சிரிஞ்ச் மூன்றையும் பேசினில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தே பொருத்தினால் குமிழி அடைபடாது.

சவ்வு மட்டமாக நிற்கும் நிலையைப் பூச்சியமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 0.35 மில்லிலீற்றர் தள்ளினால் நடு 1 மில்லிமீற்றர் உப்பும், குவியத் தூரம் ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர். 0.7 தள்ளினால் 2 மில்லிமீற்றர் உப்பி 17 சென்ரிமீற்றர். 1.45 தள்ளினால் 9 சென்ரிமீற்றர். தண்ணீருக்குப் பதில் கிளிசரின் போட்டால் முறிவுச் சுட்டி 1.33 இலிருந்து 1.47 ஆகிவிடும், அதே 0.7 மில்லிலீற்றருக்கு 12 சென்ரிமீற்றர் கிடைக்கும். இவை கோள வடிவம் என்று வைத்துப் போட்ட கணக்கு. கட்டிய ஓரத்துக்குக் கிட்டச் சவ்வு கோளமாக வளைவதில்லை, ஆகவே கறுப்புக் காகிதத்தில் 2 சென்ரிமீற்றர் துளை வெட்டி மேலே வைத்து நடுப்பகுதியை மட்டும் பாவியுங்கள். வில்லையைக் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். நிமிர்த்தினால் தண்ணீரின் பாரத்தில் கீழ்ப்பக்கம் தொப்பை வைக்கும்.

சோதிக்கச் சூரியனைத் தேட வேண்டாம். இது நெருப்புப் பிடிக்க வைக்கிற சாமான், கண்ணுக்கும் ஆபத்து. இருட்டறையில் யன்னலுக்கு எதிரே வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். சோதனைக்காகச் சற்று நிமிர்த்தினாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டில் வெளியே ஒரு பாலை மரம் நிற்கிறது. சிரிஞ்சைத் தள்ளத் தள்ள, காகிதத்தில் கலங்கலாகக் கிடந்த பச்சை ஒன்று சேர்ந்து, தலைகீழான மரமாகி, கிளைகள் தனித்தனியாகத் தெரிந்தன. இன்னும் தள்ளிவிட்டுக் காகிதத்தைக் கிட்டக் கொண்டுவந்தால் அதே மரம் விரல்நகம் அளவுக்குச் சின்னதாக வந்து நின்றது.

சிரிஞ்சின் தண்டைச் சின்னச் சேர்வோ மோட்டரால் தள்ளி, படி 4 இன் உணரியால் அதை இயக்கவும் முடியும். அமத்தினால் உப்பும், விட்டால் இறங்கும். மின்னழுத்தத்தாலேயே சவ்வை இழுக்கிற வகையும் உண்டு, ஆனால் அதற்குக் கிலோவோல்ற் கணக்கில் வேண்டும். வீட்டில் தொடக் கூடாத வேலை அது.

கடைசியில் நாலு உணரித் துண்டுகளை மெல்லிய காலுறைக்குள் தைத்து, பலகையையும் பவர் பாங்கையும் உறைக்கு வெளியே கட்டி, அண்ணையை முற்றத்தில் பத்து அடி நடக்கச் சொன்னேன். புண் இருந்த நேரத்தில் இதைச் செய்யவில்லை, ஆறிய பிறகுதான். இதை வைத்து உறையை நாமே வெட்டவோ தேய்க்கவோ கூடாது, எண்ணை எழுதிக்கொண்டு கால் செய்தவரிடம் போவதற்குத்தான். மூன்று துண்டுகளில் எண் கொஞ்சம்தான் அசைந்தது. முன்பக்க எலும்புக்குக் கீழே வைத்த துண்டு ஒவ்வொரு அடிக்கும் பாய்ந்தது.

எண்கள் தெரிந்த போனை அண்ணையிடம் நீட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, எழுத்துத் தெரியவில்லை என்றார். மேசையில் கிடந்த வில்லையை எடுத்துத் திரைக்கு மேலே பிடித்துக் கொடுத்தேன். சிரிஞ்சை அவரே தள்ளினார்.

"நில்லு நில்லு, இப்ப தெரியுது. நாலாவதுதானே?"